ஆசிரியரையும் தலைமையாசிரியரையும் துறை எப்படி மதிப்பிடுகிறது? பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கான முழுமையான வழிகாட்டி

நம் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியின் ஆசிரியரைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. ஆனால் அதே ஆசிரியரின் பணியைக் கல்வித்துறை எந்தப் படிவத்தை வைத்து, ஆண்டுக்கு எத்தனை முறை, எந்த அலுவலரைக் கொண்டு மதிப்பிடுகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. தலைமையாசிரியரின் மதிப்பீடு இன்னும் மூடுண்டது. தமிழ்நாட்டில் ஒரு பெற்றோர் இந்த மதிப்பீட்டு முறையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டுக் கேட்டுப் பெறுவது எப்படி, பெற்றதை எப்படிப் படிப்பது, படித்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, ஒரு கல்வி அலுவலகத்துக்கு நான் அனுப்பிய முதல் மனுவில், ஏழாம் வகுப்புக் கணித ஆசிரியரின் மந்தண அறிக்கையின் (அவர் பணியைப் பற்றி மேலலுவலர் எழுதும் இரகசிய மதிப்பீட்டின்) நகல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். இருபத்தெட்டாம் நாள், அது தனிநபர் தகவல் என்று ஒரே வரியில் மறுப்பு வந்தது. உண்மையைச் சொன்னால், அது கோபத்தில் எழுதிய மனு. இரண்டாம் மனுவில் ஆளைக் கேட்கவில்லை, அளவுகோலைக் கேட்டேன். பதினொரு பக்கங்கள் தயாராக இருப்பதாகவும், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 22 ரூபாய் கட்டிப் பெற்றுக்கொள்ளுமாறும் கடிதம் வந்தது. இந்த வழிகாட்டியில் உள்ளவை பெரும்பாலும் அந்த இரண்டு மனுக்களுக்கும் இடையே நான் கற்றுக்கொண்டவை.

முதல் படி: எதைக் கேட்பது, எதைக் கேட்கக்கூடாது

மதிப்பீட்டு முறை வேறு, ஒரு தனி ஆசிரியர் பெற்ற மதிப்பீடு வேறு. படிவம், அளவுகோல், மதிப்பிடும் அலுவலரின் பதவி, எத்தனை பள்ளிகள் ஆய்வுக்கு உட்பட்டன, எத்தனை பேர் எந்தத் தரநிலையைப் பெற்றனர், கண்ட குறைகளின் மீது என்ன நடவடிக்கை என்பவை முறையைச் சேர்ந்தவை. பொதுப்பணத்தில் நடக்கும் ஒரு பணியின் விதிகள் என்பதால் அவற்றை மறைக்க முகாந்திரம் இல்லை. பெயர் குறிப்பிட்ட ஓர் ஆசிரியரின் மந்தண அறிக்கை, அவருக்குக் கொடுத்த குறிப்பாணை, அவர் எடுத்த விடுப்பின் காரணம் ஆகியவை தனிநபர் தகவலாகக் கருதப்படும். 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில், ஓர் ஊழியரின் பணித்திறன் அடிப்படையில் அவருக்கும் பணியமர்த்தியவருக்கும் இடையேயான செய்தி என்றும், பெரும் பொதுநலன் இருந்தாலன்றி அதை மூன்றாம் நபருக்குத் தர வேண்டியதில்லை என்றும் கூறியது. போதாக்குறைக்கு, 2023-ல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவலை மறுக்க இடம்தரும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கிவிட்டது. பொதுச் செயல்பாட்டோடு தொடர்புடையதா, பொதுநலன் உண்டா என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே முன்பு இருந்த சோதனைகள் நீங்கி, தனிநபர் தகவல் என்ற அளவிலேயே மறுக்கலாம் என்ற நிலை 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தீங்கைவிடப் பொதுநலன் பெரிதெனில் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

சட்டம் தடுக்கிறது என்பதற்காக மட்டும் பெயர்களை விடச் சொல்லவில்லை. பெயரோடு வெளியிட்ட ஊர்களின் அனுபவமும் நல்லதாக இல்லை. 2010-ல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ், மாணவர் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து கணக்கிட்டு, ஏறத்தாழ 6,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் தரவரிசையைப் பெயருடன் வெளியிட்டது. 2012 பிப்ரவரியில் நியூயார்க் நகரம் ஏறத்தாழ 18,000 ஆசிரியர்களின் தரவரிசையை வெளியிட்டது. நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், கணித ஆசிரியரின் இடம் சராசரியாக 35 இடங்களும் ஆங்கில ஆசிரியரின் இடம் 53 இடங்களும் பிழைபட்டிருக்கலாம் என்று அந்தக் கணக்கே ஒப்புக்கொண்டது. அப்படியொரு கணக்கை வைத்து ஒருவரைக் கடைசி ஆசிரியர் என்று ஊரறியச் சொல்வது அநியாயம். அதே ஆண்டு ஜூன் மாதம், தம் பிள்ளையின் ஆசிரியர் பெற்ற மதிப்பீட்டைப் பெற்றோர் மட்டும் கேட்டறியலாம் என்று நியூயார்க் மாநிலம் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. இதற்கு நேர்மாறாக, 2009-ன் பொருளாதார மீட்பு நிதியைப் பெற்ற மாநிலங்களுக்கு அமெரிக்க மைய அரசு விதித்த நிபந்தனை அடக்கமானது: ஆசிரியரையும் பள்ளி முதல்வரையும் மதிப்பிடும் முறையை விளக்கி வெளியிட வேண்டும், மதிப்பீட்டில் தரநிலைகள் இருந்தால், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்பதையும் சொல்ல வேண்டும். நாமும் கேட்க வேண்டியது இந்த இரண்டாம் வகையைத்தான்.

இரண்டாம் படி: மனுப் போடும் முன் கையில் இருப்பதைப் படிப்பது

ஏற்கெனவே பொதுவெளியில் உள்ளதைக் கேட்டு மனுவை வீணாக்கக்கூடாது. ஒவ்வொரு பள்ளிக்கும் உரிய அடையாள எண்ணான யூடைஸ் எண் பதினொரு இலக்கங்கள் கொண்டது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 33 என்று தொடங்கும். அந்த எண்ணை வைத்து யூடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை வசதிகள் ஆகியவற்றைப் பார்க்கலாம். மதிப்பீட்டைப் படிக்கும்போது இந்த எண்கள் தேவைப்படும். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் நடத்தும் ஈராசிரியர் பள்ளியில் பாடக்குறிப்பேடு முழுமையாக இல்லை என்று எழுதப்பட்டிருந்தால், அதன் பொருள் வேறு.

அடுத்தது ஷாலா சித்தி. தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாகப் பல்கலைக்கழகம் 2015-ல் தொடங்கிய இந்தப் பள்ளி மதிப்பீட்டுத் திட்டத்தில் ஏழு களங்களும் 46 தர அளவுகளும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள்; மூன்றாம் நிலையே உயர்ந்தது. நான்காம் களம் ஆசிரியர் செயல்திறனை மேலாண்மை செய்வதையும் அவர்களின் பணிசார் வளர்ச்சியையும் பற்றியது; ஐந்தாம் களம் பள்ளித் தலைமை. பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்வது ஒன்று, வெளியாட்கள் வந்து மதிப்பிடுவது மற்றொன்று என இரு பகுதிகள் இதில் உண்டு. சுயமதிப்பீட்டில் எல்லாக் கட்டத்திலும் மூன்றாம் நிலையைப் போட்டுக்கொண்ட பள்ளியைவிட, சில கட்டங்களில் ஒன்றாம் நிலை என்று துணிந்து எழுதிய பள்ளியின் தலைமையாசிரியர் மீது எனக்கு நம்பிக்கை அதிகம்.

மூன்றாவது, தொடக்கநிலை ஆசிரியர்களுக்காகத் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. உருவாக்கிய பிண்டிக்ஸ் என்னும் செயல்திறன் குறியீட்டுத் தொகுப்பு. கற்றல் அனுபவங்களைத் திட்டமிடுதல், பாட அறிவு, கற்பிக்கும் உத்திகள், பிறருடன் பழகும் முறை, பணிசார் வளர்ச்சி, பள்ளி வளர்ச்சியில் பங்கு, வருகை என ஏழு அளவுகோல்களில் ஆசிரியர் முதலில் தம்மைத் தாமே நான்கு புள்ளி அளவில் மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் பகுதியில் இது உண்மையில் நிரப்பப்படுகிறதா, காகிதத்தோடு நிற்கிறதா என்பதே மனுவில் கேட்கத்தக்க நல்ல கேள்வி.

கடைசியாக, கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவை ஒருமுறை வாசித்துவிடுங்கள். நேரந்தவறாமல் பள்ளிக்கு வருவது, குறித்த காலத்தில் பாடத்தை முடிப்பது, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் கணித்துத் தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பது, பெற்றோரைத் தவறாமல் கூட்டிக் குழந்தையின் வருகையையும் முன்னேற்றத்தையும் பேசுவது ஆகியவை அதில் ஆசிரியரின் கடமைகளாக எழுதப்பட்டுள்ளன. எந்த மதிப்பீட்டுப் படிவமும் இவற்றைக் கேட்காமல் கட்டடத்தையும் கழிப்பறையையும் மட்டும் கேட்டால் அது பள்ளியின் மதிப்பீடாகலாம், ஆசிரியரின் மதிப்பீடாகாது.

மூன்றாம் படி: மனு எழுதுவது

தொடக்க, நடுநிலைப் பள்ளியென்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும் (தகவல் மனுக்களுக்குப் பதில் தரும் பொறுப்பாளர்), உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியென்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும் எழுதலாம். மாவட்டம் முழுமைக்குமான எண்ணிக்கை வேண்டுமென்றால் முதன்மைக் கல்வி அலுவலகம். அலுவலகம் தவறிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். 6(3) பிரிவின்படி ஐந்து நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மனுவை மாற்றி அனுப்புவது அவர்களின் வேலை. கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவிலேயே ஒட்டிவிடுவதுதான் எளிது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. சான்றை இணைக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை என்று 6(2) பிரிவு தெளிவாகக் கூறுகிறது. அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கேட்டால், பதிலை எழுத்தில் அனுப்பும்படி பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஏன் என்று தொடங்கும் கேள்வியை எழுதாதீர்கள். சட்டத்தின் பார்வையில் தகவல் என்பது அலுவலகத்தில் ஏதோ ஒரு வடிவில் ஏற்கெனவே இருக்கும் ஆவணம். விளக்கமும் கருத்தும் அதில் சேரா. ஆண்டாய்வை ஏன் ஒழுங்காக நடத்தவில்லை என்று கேட்டால் மனு அங்கேயே முடிந்துவிடும். ஆண்டாய்வு நடத்தப்பட்ட நாள்களின் பட்டியலைக் கேட்டால், நடத்தாத கதையைப் பட்டியலே சொல்லும். எனக்குப் பதில் பெற்றுத்தந்த மனுவின் சாரத்தைச் சற்றுச் செப்பனிட்டுக் கீழே தருகிறேன். ஆண்டையும் பள்ளியையும் உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"1. கடந்த இரண்டு கல்வியாண்டுகளில் தங்கள் அலுவலக எல்லைக்குட்பட்ட பள்ளிகளில் ஆண்டாய்வு மேற்கொள்ளப் பயன்படுத்தப்பட்ட படிவத்தின் நகலும், அது தொடர்பான செயல்முறைகளின் நகலும்.

2. வகுப்பறை உற்றுநோக்கலுக்குப் பயன்படுத்தப்படும் படிவம் அல்லது செயலியில் இடம்பெற்றுள்ள கேள்விகளின் அச்சுப்படி.

3. மேற்படி ஆண்டுகளில் ஆண்டாய்வும் பள்ளிப் பார்வையும் மேற்கொள்ளப்பட்ட பள்ளிகளின் பெயர், நாள், ஆய்வு செய்த அலுவலரின் பதவி அடங்கிய பட்டியல்.

4. தலைமையாசிரியர்களின் ஆண்டுப் பணி மதிப்பீட்டுக்கான படிவம், மதிப்பிடும் அலுவலர் மற்றும் மேலாய்வு செய்யும் அலுவலரின் பதவிகள்.

5. தரநிலை வழங்கும் நடைமுறை இருப்பின், ஒவ்வொரு தரநிலையிலும் இடம்பெற்ற ஆசிரியர்கள், தலைமையாசிரியர்களின் எண்ணிக்கை மட்டும், பெயர்கள் தேவையில்லை.

6. எங்கள் பள்ளியின் கடைசி ஆண்டாய்வு அறிக்கையின் நகல். தனிநபர் விவரங்கள் இருப்பின் சட்டப்பிரிவு 10-ன்படி அவற்றை நீக்கி எஞ்சியதை வழங்கவும்.

7. அவ்வறிக்கையில் சுட்டப்பட்ட குறைகள் மீது பள்ளி அனுப்பிய குறை நிவர்த்தி அறிக்கையின் நகல்.

8. பத்திகள் 3, 6, 7 தொடர்பான கோப்புகளை நேரில் பார்வையிட ஒரு நாள் ஒதுக்கித் தரவும்."

ஐந்தாம் பத்தியில் உள்ள 'எண்ணிக்கை மட்டும்' என்ற சொற்களையும் ஆறாம் பத்தியின் பிரிவு 10-ஐயும் விட்டுவிடாதீர்கள். மறுப்பதற்குக் கை நீளும் இடங்கள் அவைதான். எட்டாம் பத்தியைப் பலர் எழுதுவதில்லை. ஆனால் நகலில் வராத பல செய்திகள் கோப்பை நேரில் புரட்டும்போது கண்ணில் படும். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை.

நேரில் கொடுத்தால் நகலில் நாளிட்ட அலுவலக முத்திரை பெறுங்கள். அஞ்சலென்றால் ஒப்புகையுடன் விரைவஞ்சலில் அனுப்பி ரசீதை மனுவின் நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். நாள் கணக்குத்தான் இந்தச் சட்டத்தின் உயிர்.

நான்காம் படி: காத்திருப்பதும் மேல்முறையீடும்

மனு கிடைத்த 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். அந்தக் கெடு தவறினால் 7(6) பிரிவின்படி நகல் கட்டணம் வாங்காமல் தகவலைத் தர வேண்டும். பதிலே வராவிட்டாலும், வந்தது அரைகுறையாக இருந்தாலும், அடுத்த 30 நாள்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அவர் 30 நாள்களில், தக்க காரணத்தோடு அதிகபட்சம் 45 நாள்களில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நிறைவில்லையெனில் 90 நாள்களுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. நியாயமின்றித் தாமதித்த பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம். ஆணையத்தில் வழக்கு எடுக்கப்பட மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், முதல் மேல்முறையீட்டிலேயே வேலையை முடித்துக்கொள்ளப் பாருங்கள். 8(1)(ஜே) என்று மறுத்திருந்தால், நான் யாருடைய தகவலையும் கேட்கவில்லை, படிவமும் எண்ணிக்கையும் கேட்டேன், அவை 4(1)(பி) பிரிவின்படி நான் கேட்காமலேயே வெளியிடப்பட்டிருக்க வேண்டிய விதிகளையும் கையேடுகளையும் சேர்ந்தவை என்று மூன்று வரியில் எழுதினால் போதும். நீண்ட கட்டுரை எழுதினால் அலுவலர் படிக்கமாட்டார்.

ஐந்தாம் படி: வந்த காகிதத்தைப் படிப்பது

உழைப்பு வேண்டியது இங்கேதான். நேரில் கோப்பைப் பார்க்க எனக்கு நாள் ஒதுக்கித் தந்தபோது, பச்சை நாடா கட்டிய ஒரு கட்டை எழுத்தர் மேசைமேல் வைத்தார். அடுத்தடுத்து ஆறு பள்ளிகளின் ஆண்டாய்வு அறிக்கைகள். ஆறிலும் ஒரே கையெழுத்தில், 'கற்பித்தல் பணி மனநிறைவு அளிக்கிறது. மெல்லக் கற்போர் மீது தனிக் கவனம் செலுத்த அறிவுறுத்தப்பட்டது' என்று ஒரே வாக்கியம். ஒரு பள்ளியில் மட்டும் 'கற்பித்தல்' என்ற சொல்லில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. ஆறு பள்ளிகளின் வகுப்பறைகளும் ஒன்றுபோலவே இருந்தனவா, அல்லது வகுப்பறைக்குள் போகாமலேயே எழுதப்பட்டதா என்பதை அந்தக் காகிதம் சொல்லவில்லை. எதுவாயினும், அதை மதிப்பீடு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது தரநிலையை அல்ல, தடயத்தை. எந்த வகுப்பில், எந்தப் பாடவேளையில், எவ்வளவு நேரம் அலுவலர் உட்கார்ந்திருந்தார்? பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்த்தாரா, கணக்குப் போடச் சொன்னாரா? குறிப்பேடுகள் திருத்தப்பட்டிருந்தன என்கிறாரா, திருத்தியதைப் பிள்ளை மறுபடி எழுதியிருந்தாள் என்கிறாரா? முந்தைய ஆண்டு சுட்டிய குறை இந்த ஆண்டு என்னவாயிற்று என்று ஒரு வரியாவது இருக்கிறதா? நல்ல அலுவலர் எழுதிய அறிக்கை உடனே தெரிந்துவிடும். 'நான்காம் வகுப்பில் 19 பேரில் ஏழு பேருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை' என்பதுபோல அதில் ஒரு வகுப்பறை கண்முன் நிற்கும்.

தலைமையாசிரியருக்கான பகுதியில் பதிவேடுகளின் பராமரிப்பே பெரும்பங்கை விழுங்கியிருக்கும். அவர் சக ஆசிரியர்களின் வகுப்பைப் பார்வையிட்டுக் குறிப்புக் கொடுத்தாரா, காலிப்பணியிடத்தைச் சமாளிக்கப் பாடவேளைகளை எப்படிப் பங்கிட்டார், நின்றுபோன பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்தாரா என்பவை ஓரமாக இருக்கும் அல்லது இல்லாமலே போகும். படிவத்தில் எது எத்தனை வரி பெறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். துறை தலைமையாசிரியரிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் வைத்து ஆசிரியரை எடைபோட்டிருந்தால் அதைக் கேள்வி கேளுங்கள். வடிகட்டிச் சேர்த்த பிள்ளைகளின் நூறு விழுக்காடும், யார் வந்தாலும் சேர்த்துக்கொண்ட பள்ளியின் எண்பத்தைந்து விழுக்காடும் ஒரே தராசில் நிற்பவை அல்ல.

ஆறாம் படி: பள்ளி மேலாண்மைக் குழுவில் வைப்பது

பெற்ற காகிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், மாலைக்குள் அது யாரோ ஓர் ஆசிரியர் மீதான வசையாக மாறிவிடும். அதற்குரிய இடம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதே அதன் முதல் பணி. அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் இதற்கு ஆலோசனை சொல்லும் அளவே அதிகாரம் உண்டு. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தலைமையாசிரியரிடம் நகலைக் கொடுத்துவிடுங்கள். திடீரென்று கூட்டத்தில் நீட்டினால் அவர் தற்காப்பில் இறங்குவது இயல்பு.

நான் கொடுத்தபோது எங்கள் தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே முழுவதையும் படித்தார். "தம்பி, என்னை எதையெதை வைத்துப் பார்க்கிறார்கள் என்று மொத்தமாக ஒரே இடத்தில் நானே இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். ஒரு நகல் எடுத்துத் தம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஆசிரியர்களுக்கே தம் மதிப்பீட்டைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு என்பதை அன்று அவரிடம் சொன்னேன். 2008-ல் தேவ் தத் வழக்கில், மந்தண அறிக்கையின் ஒவ்வொரு பதிவையும், பாதகமானதை மட்டுமல்ல, உரிய ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மதிப்பீட்டு முறை வெளிப்படையாவதில் முதல் பயன் அவர்களுக்குத்தான் என்பது புரிந்தபின், அந்தப் பள்ளியில் எனக்கு எதிர்ப்பு இருக்கவில்லை.

கூட்டத்தில் மூன்று தீர்மானங்களுக்கு மேல் வேண்டாம். ஆண்டாய்வு அறிக்கையும் குறை நிவர்த்தி அறிக்கையும் கிடைத்த அடுத்த கூட்டத்திலேயே, பெயர்களின்றி, குழுவின் முன் வாசிக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. ஆய்வுப் படிவத்தின் வெற்றுப்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்பது மற்றொன்று. காலிப்பணியிடம், ஆசிரியருக்குத் தரப்படும் பாடம் சாராப் பணிகள் ஆகியவற்றை அறிக்கையோடு சேர்த்துக் குறிக்க வேண்டும் என்பது மூன்றாவது. தீர்மானப் பதிவேட்டில் எழுதி, வந்திருப்போர் கையொப்பமிட்டபின் ஒரு படியை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். அசைவில்லையென்றால் கிராம சபையில் வையுங்கள்.

தனியார் பள்ளியென்றால்

கணிசமான அரசு நிதியில் நடக்கும் உதவிபெறும் பள்ளிகள் தகவல் சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்று வாதிடலாம். சுயநிதிப் பள்ளியிடம் நேரடியாக மனுப் போட முடியாது. ஆனால் ஒரு தனியார் அமைப்பிடமிருந்து வேறு சட்டத்தின்படி அரசு அலுவலகம் பெறக்கூடிய தகவலும், தகவல் என்றால் எது என்று சொல்லும் 2(எஃப்) பிரிவில் அடங்கும். எனவே அங்கீகாரம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் கல்வி அலுவலர் செய்த ஆய்வின் அறிக்கையையும், ஆசிரியர்களின் கல்வித்தகுதி வாரியான எண்ணிக்கையையும், தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்திடம் கேட்கலாம். ஆசிரியரை நிர்வாகம் எப்படி மதிப்பிடுகிறது என்பதை அந்தக் காகிதத்தில் எதிர்பார்க்க வேண்டாம். அதைச் சேர்க்கைக்கு முன், பணம் கட்டும் முன், முதல்வரிடமே நேரில் கேட்பதுதான் வழி: ஆண்டுக்கு எத்தனை முறை வகுப்பைப் பார்வையிடுகிறீர்கள், அந்தப் படிவத்தைப் பார்க்கலாமா?